ஊசிக்கு முன் ஒரு சொட்டு

1

சென்ற வாரம் கவினுக்கு ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்திருந்தார்கள். கவின் என் மகன். குறைமாதத்தில் பிறந்தவன். ஒன்பது வயது ஆகிறது, சாப்பாட்டில் என்னை முந்துகிறான், ஆனாலும் ஸ்வீடன் அரசாங்கம் அவனை இன்னும் எடை குறைந்த கைக்குழந்தையாகவே நினைத்து அவ்வப்போது அழைத்துப் பார்க்கிறது. நான் சமைக்கிற உணவகத்தில் மதிய வேலையை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு அவனைக் கூட்டிப் போனேன்.

அங்கிருந்த பெண் அவன் முழங்கை மடிப்பில் ஒரு களிம்பைத் தடவி மேலே ஒரு ஒட்டுத்தாளை ஒட்டினாள். தோல் மரத்துப்போக வேண்டுமாம். ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை விளையாடட்டும் என்றாள். அதற்காக மர ரயில் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஊசிக்கு இத்தனை சீராட்டு. முடிந்ததும் கையில் ஒரு யானைப் படத்தை ஒட்டி, நீ தைரியசாலி என்று பாராட்டு வேறு. மரத்துப்போன கையில் குத்தினால் அதில் என்ன தைரியம் வேண்டியிருக்கிறது?

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் செந்துறையில் பஸ் ஏறியவன். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் ஊசி என் ஆள்காட்டி விரலுக்குள் போய் முறிந்தது. சூப்பர்வைசர் குறடால் பிடுங்கினார். துணியில் ரத்தம் படாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். பிறகு மும்பையில் கொதிக்கிற எண்ணெய், மஸ்கட்டில் இறைச்சி வெட்டும் கத்தி. எல்லாம் ஆறிவிட்டது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. குறடு இழுத்தபோது அந்த சூப்பர்வைசரின் குடும்பத்தையே சேர்த்துத் திட்டினேன். பாதி வலி அதில் போய்விட்டது. வாய் இருக்கிறவனுக்கு வலியில் அந்த ஒரு சௌகரியம் உண்டு.

மர ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சௌகரியம் இல்லாத ஒருவனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு பெரம்பலூரில் பிறந்த என் தங்கை மகன். அவனுக்காக நான் கேட்டது ஒரே ஒரு சொட்டு. அதற்கு நம்மூர்க்காரர்கள் ஆடிய ஆட்டத்தை நம்மூர்க்காரர்களே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

அதற்கு முன் கவின் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

ஜெயங்கொண்டத்திலிருந்து வசந்தாவைக் கட்டி இங்கே அழைத்து வந்த இரண்டாவது குளிர்காலம். நாள் இன்னும் நிறைய இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. பிறந்தவன் என் செருப்பைவிடக் கொஞ்சம் நீளம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பக்கத்திலேயே எங்களுக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை நெஞ்சோடு போட்டுக்கொள் என்றார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குப் போகாமல் இப்படிக் கிடப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. நான் இரண்டு நாள் வேலைக்குப் போய்விட்டதற்கு, ஏன் போனாய் என்று அரசாங்க ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டார்கள். வேலைக்கு வராததற்கு உதை வாங்கியிருக்கிறேன். வந்ததற்கு விளக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை.

இதற்கிடையில் வசந்தாவின் அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. போனில் தினமும் அதையே கேட்டார்.

"சேனை யாரு வச்சது?"

நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது கணக்கு. அதனால் குடும்பத்தில் யோக்கியன் என்று பெயர் எடுத்த ஆளைத் தேடிப் பிடிப்பார்கள். பெயர் எடுத்தவன் எல்லாம் யோக்கியனா என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே நல்ல ஆத்மா உணவக முதலாளியின் மனைவி, யாழ்ப்பாணத்து அம்மா. அவர் வந்து வைப்பதாக ஏற்பாடு.

அவர் வருவதற்கு முன் நர்ஸ் வந்துவிட்டாள். ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில் ஏதோ தண்ணீரை எடுத்துக் கவின் நாக்கில் ஒரு சொட்டு விட்டாள். அவன் சப்புக்கொட்டினான். ஒரு கையால் அவன் தலையை மூடினாள். இன்னொரு கையால் கால் இரண்டையும் மடக்கிப் பொத்தினாள். சற்றுக் காத்திருந்து இன்னொருத்தியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தாள். இவன் முகத்தைச் சுளித்தான், ஒரு முறை முனகினான், மறுபடியும் சப்புக்கொட்டினான்.

வசந்தா என் கையைப் பிடித்தாள். "ஏங்க, இனிப்புத் தண்ணியில்ல குடுத்தாங்க. அந்தம்மா சேனை வச்சுடுச்சுங்க."

அப்போது எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷ் எல்லாம் அடுப்படியில் பொறுக்கியது. வெங்காயம், உப்பு, கத்தி, சூடு, சீக்கிரம். அதை வைத்துக்கொண்டு அந்த நர்ஸிடம் விசாரணை நடத்தினேன்.

"நீ நல்லவளா?"

அவள் யோசித்தாள். "சில நாட்களில்."

"கல்யாணம்?"

"இரண்டு முறை. இப்போது யாரும் இல்லை."

நான் நட்பாகப் பேசுகிறேன் என்று நினைத்து, போனை எடுத்துத் தன் மோட்டார் சைக்கிளின் படத்தைக் காட்டினாள். எருமை மாட்டின் அகலம் இருந்தது. வசந்தா அழ ஆரம்பித்துவிட்டாள். எதற்கு அழுகிறாள் என்று ஆஸ்பத்திரியே பதறிப்போய்ப் போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தது. அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"தம்பி, அது சேனை இல்லை. இனிப்பு நாக்கில பட்டால் சின்னப் பிள்ளைக்கு நோவு குறையுமாம். இங்க பிள்ளையளைச் சும்மா குத்த மாட்டினம். தாயின்ர பால், தாயின்ர சூடு, கையால பொத்திப் பிடிக்கிறது, எல்லாம் அதுக்குத்தான்."

வசந்தாவின் அம்மாவை இது சமாதானப்படுத்தவில்லை. "ரெண்டு புருசங்காரி சேனையா!" என்று ஒரு மாதம் புலம்பினார். இன்றைக்கும் கவின் தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில் பதில் சொல்லும்போதும், மோட்டார் சைக்கிள் படங்களைச் சுவரில் ஒட்டும்போதும் வசந்தா என்னைப் பார்த்து, "நர்ஸ் சேனை" என்கிறாள். போன மாதம் அவனிடம், நல்ல பிள்ளையாக இருப்பாயா என்று கேட்டேன். "சில நாள்" என்றான்.

3

இந்த ஆண்டு விடுமுறைக்குப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த சில நாளில் என் தங்கை சுகன்யாவுக்கு எட்டாம் மாதம் தொடங்கும்போதே பிரசவம் ஆகிவிட்டது. ஆண் குழந்தை. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பின்புறம் புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. முன்புறம் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பெட்டிகளில் குழந்தைகள், இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள்.

சொந்தக்காரர்கள் என்றால் சுகன்யாவின் மாமியார், அவள் கணவன் பிரபு, பிரபுவின் பெரியப்பா ராசேந்திரன். பிரபுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. யார் எது சொன்னாலும் சரி என்பான். ராசேந்திரன் அரியலூரில் சொந்தமாகச் சிமெண்ட் லாரிகள் வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டைப் பையில் போன் வெளியே தெரிய வைத்திருப்பார். கோயில் திருவிழாவில் மைக் கிடைத்தால் விடமாட்டார். லாரி டிரைவர்களுக்கு மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார். குடும்பத்தின் யோக்கியர் அவர்தான். சேனை அவர் வைப்பதாகக் குழந்தை உருவானபோதே முடிவாகிவிட்டது.

பெட்டிக்குள் அந்தப் பிஞ்சு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. வெளியே நாற்காலியில் பேச்சு, தேன் பச்சைமலையிலிருந்து வரவழைப்பதா, டவுனில் வாங்குவதா என்று.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நர்ஸ் பெண் வந்தாள். சுற்றியிருந்த துணியை விலக்கினாள். ஒரு காலை மட்டும் தூக்கிப் பிடித்துக் குத்தினாள். ரத்தம் போதவில்லை. பிழிந்தாள். மறுபடி குத்தினாள். கையும் காலும் நாலு பக்கமும் விறைத்தன. வாய் திறந்திருந்தது. கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வரவில்லை. அவள் முடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். வெளியே வந்தபோது கேட்டேன்.

"ஏம்மா, குத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொத்திப் புடிச்சுக்கக் கூடாதா? ரொம்ப வலிக்குமே."

"அதுக்கு என்னங்க தெரியும்? நாளைக்கே மறந்துடும்."

நாளைக்கு மறந்துவிடும் என்பதால் இன்றைக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், குடிகாரனை அடித்துப் பணத்தைப் பிடுங்குகிறவனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அவளைச் சொல்லிப் பயனில்லை. வேலை கற்றுக் கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நாள் ஓடியது. குழந்தை தேறி வந்தது. குழாயில் பால் இறங்கியது. அப்போது குழந்தைகள் டாக்டர் சுகன்யாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே ரத்தக்குழாய் சரியாக வளராமல் போகலாம், கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடும், வியாழக்கிழமை திருச்சியிலிருந்து கண் டாக்டர் வருகிறார், சோதனை செய்தே ஆக வேண்டும். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கவினுக்கும் செய்தார்கள். மருந்து விட்டு, இமை மூடாமல் இருக்கக் கம்பிக் கிளிப் போட்டு, கண்ணுக்குள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டாலும் குழந்தை துடிக்கும். அன்றைக்கு வசந்தாவின் கையை அவன் தலையில் வைக்கச் சொல்லி, நாக்கில் இனிப்பு விட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

"நான் உள்ள இருக்கலாங்களா?" என்று சுகன்யா கேட்டாள்.

"பால் குடுக்க வர்ற நேரத்துல வாங்கம்மா. டெஸ்ட் நடக்குறப்ப அம்மாங்கள விடறதில்ல. மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. அப்புறம் நாங்க உங்களப் பாக்குறதா, குழந்தையப் பாக்குறதா?"

அவள் என்னிடம் வந்தாள். எதிலும் அதிகம் பேசாதவள். "அண்ணே, அவன் தனியா கெடந்து துடிக்கிறத என்னால வெளிய நின்னு கேக்க முடியாது. நீங்க பேசிப் பாருங்க" என்றாள்.

டாக்டர் அறைக்குப் போனேன். எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது நேராகக் கேட்டேன்.

"சார், சோதனைக்கு முன்னாடி புள்ள நாக்குல ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி வைக்கணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சுவரைக் காட்டினார். பெரிய எழுத்தில் போர்டு: தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது, சேனை வைக்கக் கூடாது.

"வெளிநாட்டுல இருக்கேன்னு சொன்னாங்க. அங்க போயும் இந்தப் பழக்கத்த விடலையா சார்?"

போர்டில் தவறே இல்லை. யாருடைய அழுக்கு விரலோ குழந்தையின் வாய்க்குள் போவதைத் தடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். நான் சேனை கேட்கவில்லை, வலிக்காகக் கேட்கிறேன், ஆஸ்பத்திரியே சுத்தமாகச் செய்து கொடுப்பது இது என்று விளக்கினேன். சர்க்கரை வேண்டாம் என்றால் தாய்ப்பாலே போதும், தாயின் கை போதும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் என்னை அதிகம் எரித்தது.

"தெரியும் சார். எல்லாம் புக்ல படிச்சதுதான். இங்க எத்தன குழந்தை, எத்தன சிஸ்டர்னு நீங்களே பாக்குறீங்க. ஒவ்வொண்ணுக்கும் கைய வச்சுக்கிட்டு நிக்க ஆள் இல்ல."

"அதான் சார் ஆள் இருக்கே. பெத்தவ வெளிய சும்மாத்தான உக்காந்திருக்கா?"

"அது ரூல்ஸ் சார்."

அந்த நர்ஸ், குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புகிறாள். இவருக்கு அதன் வலி தெரியும். தெரிந்துகொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, ஆள் இல்லை என்கிறார். இதற்குப் பத்து வருஷம் படிக்க வேண்டியிருக்கிறது.

4

நான் வெளியே வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. நர்ஸ் பெண் சொல்லியிருக்கிறாள், வெளிநாட்டு மாமா டாக்டரிடம் சேனை வைக்கப் பர்மிஷன் கேட்டார் என்று.

சுகன்யாவின் மாமியார் எழுந்து நின்றார். "ஏந்தம்பி, இது ஒங்களுக்கே நல்லாருக்கா? ஊரு ஊரா சுத்துற கையால சேனை வச்சா எம்பேரன் என்ன ஆவான்? பள்ளிக்கூடத்துல ஒழுங்கா குந்துவானா? ஒரு வூட்ல தங்குவானா?"

"அத்தே, நான் சேனையே கேக்கல."

"அப்புறம் சர்க்கரத் தண்ணி எதுக்கு? காப்பி போடவா?"

ராசேந்திரன் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். அவருக்கு மைக் இல்லாத குறைதான். "விடும்மா. மாப்ள ஆசப்பட்டுட்டாரு. தாய்மாமன் ஆசப்படலாம், தப்பில்ல. ஆனா அதுக்குன்னு ஒரு தகுதி இருக்குல்ல?"

பிரபு என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "மச்சான் சொல்றதும் சரிதான். பெரியப்பா சொல்றதும் சரிதான்."

கிளிப், வெளிச்சம், கண் என்று எல்லாவற்றையும் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. குழந்தைக்கு யாருடைய குணம் வரும் என்பது பெரிய விஷயம். குழந்தைக்கு இப்போது என்ன நடக்கிறது என்பது டாக்டர் வேலை. இந்தக் கூட்டத்தோடு நியாயம் பேசி ஆகப்போவதில்லை என்று தெரிந்தது. பல ஊர் முதலாளிகளிடம் வேலை பார்த்தவன் நான். கிடைக்கிற வழியில் போக வேண்டும். ராசேந்திரனைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

"மாமா, சேனை நீங்கதான் வைக்கப் போறீங்க. குறுக்க யாரும் வரமாட்டாங்க."

"அதான பாத்தேன்."

"ஆனா வியாழக்கிழம சுகன்யா உள்ள நிக்கணும். தாய்ப்பால் நாக்குல விட்டுக்கிட்டு, புள்ளயப் பொத்திப் புடிச்சுக்கிட்டு. அவ்ளோதான்."

"டாக்டர் முடியாதுங்கிறாரே மாப்ள."

"டாக்டர் சம்பளக்காரரு மாமா. பின்னாடி கட்டடம் கட்டுறாங்களே, சிமெண்ட் யாரு வண்டியில எறங்குது?"

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குழந்தைக்காக வந்ததல்ல. தன் லாரிக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அங்கேயே, டீக்கடை முழுக்கக் கேட்கும்படி, ஆஸ்பத்திரி முதலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, ராசேந்திரன் பேசறேன். ஆங், லோடு வந்துரும்ணே, அதுக்கு என்ன? ஒரு சின்ன விசயம். நம்ம மருமவ புள்ள..."

நாங்கள் திரும்பி வந்து படியேறும்போதே டாக்டர் எதிரில் வந்தார். அம்மா தாராளமாக உள்ளே இருக்கலாம், கையை நன்றாகக் கழுவி, கவுன் போட்டுக்கொண்டு வரட்டும், தாய்ப்பால் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். மயக்கம் போட்டு விழுவதைப் பற்றி இப்போது அவருக்குக் கவலை இல்லை. படித்த புத்தகத்துக்கு அசையாத ரூல்ஸ் இரண்டு லோடு சிமெண்டில் அசைந்தது. ராசேந்திரன் என் தோளில் தட்டி, "பாத்தியா மாப்ள?" என்றார். பார்த்தேன்.

5

வியாழக்கிழமை கண் டாக்டர் வந்தார். முதலில் வேறொரு குழந்தை. அதன் அம்மா லப்பைக்குடிக்காட்டுப் பெண், சின்ன வயது, பெயர் பர்வீன். புருஷன் துபாயில். போனில் அவன் முகம் தெரிந்தது. அவளை உள்ளே விடவில்லை. எங்களோடு கதவுக்கு வெளியே நின்றாள்.

உள்ளே சத்தம் ஆரம்பித்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. அழ மூச்சு வேண்டும், அவ்வளவு சின்ன உடம்பில் அது இல்லை. ஒரு கீச்சு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு கீச்சு. அந்த இடைவெளிதான் கேட்க முடியாமல் இருந்தது. பர்வீன் முக்காட்டை இழுத்துக் காதோடு அழுத்திக்கொண்டு, "யா அல்லா, யா அல்லா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். போனில் அவள் புருஷன், "என்ன சத்தம், என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ராசேந்திரன் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணுக்கு லாரி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்தது எங்கள் குழந்தை. சுகன்யா பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். என்ன நடந்தது என்பது அவள் சொல்லித்தான் தெரியும். வெளியே எங்களுக்குக் கேட்டது ஒரு சத்தம், பிறகு சின்னச் சின்ன முனகல், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குப் பயந்து நான் கதவருகே போனேன். அவள் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அழுதானா?"

"அழாம இருப்பானா அண்ணே? கிளிப் போடுறாங்கல்ல. ஆனா என் கையில ஒதச்சுக்கிட்டு அழுதான். பால் நாக்குல பட்டா கொஞ்ச நேரம் நிறுத்திட்டு சப்புவான். திரும்ப அழுவான். கம்பிய எடுத்த ஒடனே நின்னுட்டான். என் விரலப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டான்."

கண்ணுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்றார்கள். மாமியார் உடனே, எல்லாம் பெரிய மாமாவின் ராசி என்றார்.

பர்வீன் சுகன்யாவிடம் வந்து நின்றாள். "அக்கா, நீங்க மட்டும் எப்படி உள்ள போனீங்க?"

சுகன்யா திரும்பினாள். என்னைப் பார்த்தாள், மின்விசிறிக்குக் கீழே இருந்தவரைப் பார்த்தாள். பிறகு டாக்டர் அறைக்குத் தானே நடந்து போனாள். கதவு திறந்திருந்தது, கேட்டது.

"சார், அடுத்த தடவ அவங்களையும் உள்ள விடுங்க."

"அது வந்தும்மா..."

"வேணும்னா பெரிய மாமாவ விட்டுப் பேசச் சொல்லட்டுங்களா?"

அடுத்த தடவை இரண்டு தாய்மார்களும் உள்ளே நின்றார்கள். யாரும் மயங்கி விழவில்லை. அதற்குள் நான் விமானம் ஏறிவிட்டேன்.

6

குழந்தை தேறி அரியலூர் வீட்டுக்கு வந்த சில நாளில் சேனை வைபவம். நான் இங்கே உணவகத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். பிரபு அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தான். பாதி நேரம் கூரைதான் தெரிந்தது.

ராசேந்திரன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். பச்சைமலைத் தேன், ஒரு வெள்ளிக் கிண்ணம், தங்கம் உரசிக் கொடுக்க ஒரு மோதிரம். மோதிரம் அவர் விரலிலிருந்து கழற்றியது. லாரி சாவியையும் அந்த விரலில்தான் சுற்றுவார். மாமியார் தெருவில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். பச்சைக் குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

"புள்ளயக் குடும்மா" என்றார் ராசேந்திரன்.

சுகன்யா கொடுக்கவில்லை. "சேனை வச்சாச்சு மாமா" என்றாள்.

எல்லோரும் போனைப் பார்த்தார்கள். நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"யாரு வச்சது? அந்த ஊர் சுத்தியா?" இது மாமியார்.

"எங்கண்ணன் வைக்கல. நான் வச்சேன். கண்ணு டெஸ்ட்டுல."

"பெத்தவளே வைக்கிறதுக்குப் பேரு சேனையாடி? எந்த ஊர்ல உண்டு?"

"கிளிப் போட்டு அவன் துடிச்சப்ப யாரு கையி அவன் தலையில இருந்துச்சோ, அவங்க வச்சதுதான் சேனை. நீங்கல்லாம் அப்ப ஃபேனுக்குக் கீழ இருந்தீங்க."

ராசேந்திரன் போனுக்கு நேராக வந்தார். திரை முழுக்க மீசை. "ஏன் மாப்ள, டீக்கடையில நீ எனக்கு என்ன சொன்ன?"

"சொன்னேன் மாமா. குறுக்க யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னேன். அவ முன்னாடியே போயிட்டா."

பிரபு ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவள் சொல்வதும் சரிதான் என்று ஆரம்பித்து, இரண்டாவது பாதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். கல்யாணமானதிலிருந்து அவன் பேசியதில் முழு வாக்கியம் அதுதான். ராசேந்திரன் மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டார். தேன் பாட்டிலை எடுக்க மறந்துபோனார். சுகன்யா எழுந்து போய், அதை எடுத்து மூடியை இறுக்கித் திருகி அவர் கையில் கொடுத்தாள். குழந்தையை ஒரு கையால் நெஞ்சோடு பிடித்தபடியே கொடுத்தாள்.

இதெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் இங்கே மரத்துப்போகிற நேரம் முடிந்துவிட்டது. கவினை உள்ளே கூப்பிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், யானைப் படம் ஒட்டினார்கள், அவன் ஊசியைப் பார்க்கக்கூட இல்லை. நான் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேன்.

வெளியே வந்து சுகன்யாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவள் மாமியார். இப்போது என்னோடு பேசுவதில்லை என்று விரதம். ஆனால் புகார் சொல்ல வேண்டியிருந்ததால் பேசினார். குழந்தையை யார் தூக்கினாலும் கத்துகிறானாம். ராசேந்திரன் வந்து தூக்கினால் காலால் நெஞ்சிலேயே உதைக்கிறானாம். சுகன்யா கைக்குப் போனால்தான் நிறுத்துகிறானாம்.

"அப்படியே பெத்தவளாட்டம் அழுத்தம் தம்பி. சொன்னாக் கேக்கறதில்ல" என்றார்.

சேனை பலித்துவிட்டது.